வைஃபை பிளானிங் மென்பொருள்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

கட்டடங்களுக்கு வைஃபை போட்டுக் கொடுப்பது என் தொழில். அதற்காக, எங்கே எவ்வளவு சிக்னல் வரும் என்று முன்கூட்டியே கணித்துக் காட்டும் எகஹாவ் மென்பொருளைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, கணினி காட்டும் சிக்னல் நிஜத்திலும் வருமா என்பதுதான். வரும், சுவரைப் பற்றி நாம் சரியாகச் சொல்லிக் கொடுத்தால்.

கட்டடத்தின் பிளானை ஏற்றி, அளவைப் பொருத்தி, சுவர்களை வரைந்து, ஆக்சஸ் பாயின்ட்டுகளை (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளை) வைத்தால் உடனே வண்ண வரைபடம் வந்துவிடும். அடிப்படைக் கணக்கு எளிது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் (வலிமை எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகு) குறையும். குறுக்கே வரும் ஒவ்வொரு சுவருக்கும் இன்னும் கொஞ்சம் கழியும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஜிப்சம் போர்டு தடுப்புக்கு 3 டெசிபல் என்று போட்டால் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இருபுறமும் பூசிய நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு எந்தப் பட்டியலையும் நம்பிப் போடாதீர்கள், அளந்துவிடுங்கள்.

நான் ஸ்டாண்டில் ஓர் ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டி, சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்துவேன். சுவருக்கு முன்னால் ஒரு ரீடிங், கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஒன்று. ரீடிங் டிபிஎம் என்ற சிக்னல் வலிமை அலகில், மைனஸில் வரும்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். மைனஸ் 50 மைனஸ் 61 ஆனால், அந்தச் சுவருக்கு 11 டெசிபல். ஒரே இடத்தில் நின்று அளக்கக் கூடாது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளமே ஐந்தாறு சென்டிமீட்டர்தான். விரல்கடை அளவு நகர்ந்தாலே எண் தாவும். மெதுவாக நடந்து சராசரி எடுங்கள். இந்த எண்ணை ஏற்றிய பிறகு, வேலை முடிந்து அளக்கும்போது பெரும்பாலான அறைகளில் சில டெசிபல்தான் வித்தியாசம் வருகிறது.

வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடியிடம் உஷாராக இருங்கள். சில வகைகள் கான்கிரீட்டைவிட அதிகமாகத் தடுக்கும், பிளானிலோ வெறும் கண்ணாடி என்றுதான் இருக்கும். நேரில் போய்ப் பார்க்காமல் நான் இப்போது எந்தக் கட்டடத்தையும் வரைவதில்லை.

மாணவர்களுக்கு என்விடியாவின் சியோனா என்ற ரேடியோ அலைக் கணிப்பு மென்பொருள் நல்ல தொடக்கம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். அலை எதில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று ஒவ்வொரு கதிராகக் காட்டும். ஆனால் பீரோவை நகர்த்தினாலே அந்த நுணுக்கம் மாறிவிடும், அதனால் அலுவலக வேலைக்கு எனக்குச் சுவர்க் கணக்கே போதுகிறது.

குரல் அழைப்புக்கு மைனஸ் 67 டிபிஎம் வேண்டும் என்பார்கள். நான் மைனஸ் 63 வைத்தே வரைகிறேன். காலி ஹாலில் வரும் சிக்னல், ஆட்கள் நிரம்பிய ஹாலில் வராது.