மணலுக்குள் போன நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்கள். கடல் இல்லாத ஊரில் கடல்மீன் வளர்க்கும் மனிதரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பாள் என் மனைவி. நாங்கள் சிலபேர்தான் இருக்கிறோம். அதனாலேயே ஒருவர் ஏமாந்த கதை இன்னொருவர் காதுக்கு எட்டுவதில்லை. எட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டைதான் மிஞ்சும். கடைக்காரர் விற்ற விதம் தெரிந்திருந்தால் எந்தக் கடையிலும் உங்களுக்கு உதவும்.

சத்துவாச்சாரியில் என் வீட்டுக் கூடத்தில் இருப்பது நாலடித் தொட்டி, ஏறத்தாழ 300 லிட்டர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து, உப்புக் கலந்து, அடர்த்தியை 1.025இல் நிறுத்தி இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. இந்தக் கதை தொடங்கும்போது அதில் ஒரு ஜோடி க்ளௌன் மீன், இரண்டு துப்புரவு இறால்கள், முப்பது நத்தைகள், கொஞ்சம் காளான் பவளம், கொஞ்சம் ஸோவாந்திட் (பூப்போல் விரியும் பவளவகை உயிர்). வேலூர் வெயிலுக்குக் குளிரூட்டி இல்லாமல் சித்திரை, வைகாசியைத் தாண்ட முடியாது. அந்த இயந்திரத்தின் விலை மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகம். மின்கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

இன்னொரு ராஸ் (wrasse) மீன் வாங்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. 500க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. விரல் நீளத்தோடு நின்றுவிடுவதும் உண்டு, இரண்டு மீட்டரைத் தாண்டும் நெப்போலியன் ராஸும் உண்டு. பல இனங்களில் மீன் முதலில் பெண்ணாக வளர்ந்து, பின்னர் ஆணாக மாறும். குஞ்சுக்கு ஒரு வண்ணம், பெண்ணுக்கு ஒரு வண்ணம், ஆணுக்கு ஒரு வண்ணம். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். படித்தும் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சல்.

சென்ற ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்காரத் தம்பி அழைத்தார். "சிறுத்தை ராஸ் வந்திருக்கிறது சார். ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எடுக்காவிட்டால் மாலைக்குள் போய்விடும்." போனேன். உடல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக வலைப்பின்னல் போட்ட அழகு. தொட்டியின் அடியில் மணல் இல்லை, வெறும் கண்ணாடி. கேட்டதற்கு, "மணல் போட்டால் இதைப் பிடிக்கவே முடியாது சார், புதைந்துகொள்ளும்" என்றார். உண்மைதான். ஆனால் ஆபத்து என்றால் மணலுக்குள் பாய்வதையே பிறவிக்குணமாகக் கொண்ட மீன், வெறும் கண்ணாடித் தரையில் என்ன செய்யும்? முட்டும். முட்டி முட்டி மூக்கும் உதடும் புண்ணாகும். அதன் மேலுதட்டில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. தலைக்குப் பின்னால் வயிறு உள்வாங்கியிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஜிபேயில் 4,800 ரூபாயை அனுப்பினேன்.

கல்லாவுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மீன் 24 மணி நேரத்துக்குள் இறந்தால், உடலோடு கொண்டுவந்தால், மாற்றுமீன். நியாயமாகத்தான் தோன்றியது.

வீட்டில் பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மெல்ல இறக்கினேன். ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து மறைந்தது. மறுநாள் காலை வரை வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அழைத்துக் கேட்டேன்.

"பயப்படாதீர்கள் சார். ராஸ் அப்படித்தான். ஒரு வாரம் பத்து நாள்கூட உள்ளேயே இருக்கும். மணலை மட்டும் கிளறிவிடாதீர்கள், பயத்திலேயே செத்துவிடும்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். புதிதாக வந்த சிறுத்தை ராஸ் நாட்கணக்கில் புதைந்து கிடப்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. தோண்டக் கூடாது என்பதும் சரி. அத்தனை உண்மையையும் கோர்த்து அவர் 24 மணி நேரத்தைக் கடத்திவிட்டார். மணலுக்குள் இருக்கும் மீன் எப்போது செத்தது என்று யார் சொல்ல முடியும்? உடலைக் கொண்டுவா என்கிற நிபந்தனை, உடலை ஒளித்துக்கொள்ளும் மீனுக்கு!

அடுத்த சனிக்கிழமை இரண்டு இறால்களும் ஒரே மூலையில் கூடி மணலைக் கிண்டிக்கொண்டிருந்தன. அம்மோனியா சோதித்தேன், ஏறியிருந்தது. கரண்டியால் தோண்டியபோது கிடைத்ததில் முகவாய் இருந்த இடத்தில் சதையே இல்லை.

கடைக்குப் போய்ச் சீட்டைக் காட்டினால், சீட்டையே எனக்குத் திருப்பிக் காட்டினார். "24 மணி நேரம் என்று எழுதியிருக்கிறோமே சார்."

"தோண்டாதே என்று நீதானே தம்பி சொன்னாய்?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அதோடு வெளியே வந்திருந்தால் நஷ்டம் 4,800 ரூபாயோடு நின்றிருக்கும். முகம் வாடியதைப் பார்த்து அவரே ஒரு சமாதானம் சொன்னார். பக்கத்துத் தொட்டியில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், முதுகில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளோடு இரண்டு அங்குலக் குட்டி ஒன்று. "இது 1,800 ரூபாய். உங்களுக்கு 600. மூன்று அங்குலத்துக்கு மேல் போகாது சார். உங்கள் க்ளௌன் மாதிரியே சாது. பவளத் தொட்டிக்கென்றே பிறந்தது." பேரம் பேசாமலே 1,200 ரூபாய் குறைந்த பூரிப்பில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இன்னும் இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் குட்டி நன்றாகவே சாப்பிட்டது. மைசிஸ், ஆர்டீமியா போன்ற உறைந்த சிற்றிறால்கள், குருணை, எதைப் போட்டாலும் காலி. மாலை விளக்கு அணையும் முன்பே மணலுக்குள் படுத்துவிடும், காலையில் சரியான நேரத்துக்கு எழுந்துவிடும். இரண்டு மாதத்தில் நத்தை ஓடுகள் வெறுமையாகக் கிடக்க ஆரம்பித்தன. முதலில் நத்தைகளுக்கு ஏதோ நோய் என்று நினைத்தேன். தோலுரித்து மென்மையாக இருந்த இறால் ஒன்று ஓர் இரவு காணாமல் போனது, அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு ஒரு நாள் கண்முன்னாலேயே, என் உள்ளங்கை அகலப் பாறைத் துண்டை வாயால் கவ்விப் புரட்டியது. அதன் மேல் ஒட்டியிருந்த ஸோவாந்திட் குப்புற விழுந்தது.

ஆறாம் மாதம் ஆரஞ்சு மங்கி உடல் கருக்கத் தொடங்கியது. வாலில் மஞ்சள், பின்னுடலில் நீலப் புள்ளிகள். அப்போதுதான் படங்களைத் தேடி ஒப்பிட்டேன். கோரிஸ் கைமார்ட், இதுவும் ஒரு ராஸ்தான். வளர்ந்தால் 40 சென்டிமீட்டர் வரை போகும். முன்பற்களால் நத்தை, நண்டு, இறால் எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும். இரைக்காகக் கற்களைப் புரட்டுவது அதன் தொழில். கடையில் நான் பார்த்து மயங்கியது குட்டிப் பருவத்து உடுப்பு. குட்டியின் வண்ணத்தைக் காட்டி, பெரியதின் அளவை மறைத்து விற்றிருக்கிறார். சிறுத்தை ராஸ் விஷயத்தில் பொய்யே இல்லை, இதில் உண்மையே இல்லை. இரண்டிலும் மீனின் சுபாவமே அவருக்குத் துணை.

ஐந்தரை அங்குலத்தை அளவுகோலோடு படமெடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "தீனி அதிகம் போட்டுவிட்டீர்கள் சார்." அந்தக் கணக்கில் என் மருமகன் ஏழடி வளர்ந்திருக்க வேண்டும்.

இப்போது நான் மணலில் உறங்கும் எந்த ராஸையும் மணல் இல்லாத தொட்டியிலிருந்து வாங்குவதில்லை. ஹாலிகோரஸ், சிறுத்தை, கோரிஸ் மூன்றும் மணலில் உறங்குபவை. பாறை இடுக்கில் சளிக்கூடு கட்டி உறங்கும் தேவதை ராஸ் என்றால் வெறும் தரை பெரிய குற்றமில்லை. மீன் என் கண்முன்னால் இரை எடுக்க வேண்டும். "காலையிலேயே சாப்பிட்டுவிட்டது" என்றால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். சிறுத்தை ராஸ் நாள் முழுக்கச் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்பது, புதுத் தொட்டியில் பட்டினிதான் கிடக்கும். கடைக்காரர் சொல்லும் செல்லப்பெயரை நம்பாமல் அறிவியல் பெயரைக் கேட்டு, அங்கேயே நின்று முழு வளர்ச்சிப் படத்தையும் அளவையும் பார்த்துவிடுங்கள். பெயர் தெரியாது என்று அவர் சொன்னால் பணம் பையிலேயே இருக்கட்டும். ஆறு கோடு போட்ட சிறிய ராஸைக் கொசுறாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். அளவு சிறியதுதான், ஆனால் முதலில் குடியேறிவிட்டால் பின்னால் வரும் சாதுக்களை நிம்மதியாக வாழவிடாது.

அதே கடையில் இன்னொரு நாள் "ராமநாதபுரத்துப் பாறை வேண்டுமா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையைத்தான் சொன்னார். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. என் தொட்டியில் இருப்பது வார்த்தெடுத்த செயற்கைப் பாறை. அதுவே போதும் என்று வந்துவிட்டேன்.

என் பங்குத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டுக்கும் முன்பு ஒரு தேவதை ராஸ் வைத்திருந்தேன். தொட்டிக்கு மூடி இல்லை. ஒரு காலை அது சோபாவுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. ராஸ் துள்ளும் என்று எல்லோரும் சொல்லியும் நாளை நாளை என்று தள்ளியது நான்தான். பிறகு ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவரிடம் அலுமினியச் சட்டமும் நைலான் வலையும் வைத்து மூடி செய்துகொண்டேன். ஜன்னலே இல்லாத இடத்துக்கு எதற்கு இது என்று அவர் கேட்டார்.

கோரிஸ் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் 600 லிட்டருக்கு மேல் தொட்டி, ஐந்து சென்டிமீட்டர் மணல், இறுக்கமான மூடி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் காசு வாங்காமல் தருகிறேன். இறாலும் நத்தையும் வளர்ப்பவர்கள் கேட்க வேண்டாம். தொட்டியின் படத்தை முதலில் அனுப்புங்கள், பார்க்காமல் தரமாட்டேன்.