பின்னல் போர்வையை அகலப்படுத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கையால் பின்னி முடித்த போர்வையை அகலப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எங்கள் வீட்டுப் போர்வையைக் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். அதே வேலைக்கு ஆள் தேடுபவர்கள், பொருளை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அது அம்மா அக்ரிலிக் நூலில் பின்னியது. எல்லா வரிசையிலும் நிட் எனப்படும் அடிப்படைப் பின்னல் மட்டுமே போட்டதால், இரு பக்கமும் வரப்பு வரப்பாக மேடு தெரியும். அகலம் 110 செ.மீ.; அதை 150 ஆக்க வேண்டும். பக்க ஓரங்களில் புதிதாகக் கண்ணி (பின்னலின் நூல் வளையம்) எடுத்து, இருபுறமும் 20 செ.மீ. பட்டை பின்னுவது என்று பேசி, பாதிக் கூலியையும், அதே சாயத் தொகுதியைச் சேர்ந்த மிச்ச நூலையும், 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள் என்ற அளவுக் குறிப்பையும் கொடுத்தோம்.

திருப்பித் தரும்போது அவரே நாடாவை வைத்து அளந்து காட்டினார். 150 செ.மீ. சரியாக இருந்ததால் மீதிக் கூலியையும் கொடுத்துவிட்டோம். ஆனால் வீட்டில் விரித்துப் பார்த்தால், பட்டைகள் ஒவ்வொன்றும் 9 செ.மீ.தான். மீதி எங்கிருந்து வந்தது என்று நடுப்பகுதியில் எண்ணிப் பார்த்தேன், 10 செ.மீ.க்கு 15 கண்ணிகளே இருந்தன. ஒரு கண்ணிகூடக் கூடாமல், ஆவி இஸ்திரியால் சூடேற்றி இழுத்தே பழைய 110 செ.மீ.யை 132 செ.மீ. ஆக்கியிருக்கிறார். அகலத்துக்கு இழுத்ததில் நீளமும் குறைந்துவிட்டது.

இதில் பெரிய கொடுமை, இந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியே இல்லை என்பதுதான். ஆட்டுக் கம்பளி என்றால், நனைத்து, வேண்டிய அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காயவைக்கலாம். பிடிக்காவிட்டால் மறுபடி நனைத்து மாற்றிக்கொள்ளலாம். அக்ரிலிக் பிளாஸ்டிக் இழை. அதிகச் சூடு பட்டால் இளகி, இழுத்த நிலையிலேயே நின்றுவிடும். எங்கள் போர்வையின் மேடுகள் படுத்துவிட்டன. நூலில் ஒரு பளபளப்பு ஏறியிருக்கிறது. கையில் எடுத்தால் துவண்டு விழுகிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பட்டைகளும் ஒழுங்காக இல்லை. இந்தப் பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி, அதாவது ஒரு மேட்டுக்கு ஒன்று, எடுத்தால்தான் ஓரம் தட்டையாக நிற்கும். அவர் வரிசைக்கு ஒன்று எடுத்திருப்பதால் கரை முழுவதும் சுருக்கம் வைத்த பாவாடை போல அலையடிக்கிறது. கேட்டதற்கு, "அகலம்தானே கேட்டீங்க, வந்துடுச்சுல்ல அக்கா?" என்றார்.

ஆகவே, கொடுக்கும் முன் முழுப் போர்வையையும் அளவுநாடாவுடன் படம் எடுத்து, கண்ணிக் கணக்கையும், சூடு காட்டக் கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வெட்டி இடையில் துண்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வெட்டும் கோட்டின் இருபுறமும் தையல் போடாவிட்டால் கண்ணிகள் அவிழ்ந்து ஓடிவிடும் என்பதை மறக்காதீர்கள். வாங்கும்போது மொத்த அகலத்தை மட்டும் பார்க்காமல், பழைய பகுதியைத் தனியாக அளந்து, கண்ணிகளை எண்ணிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பட்டைகளைப் பிரித்து நாங்களே மறுபடி பின்னிக்கொள்வோம். அதற்கு வேண்டிய மிச்ச நூலைப் பலமுறை கேட்டும் அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.