ஆராய்ச்சிப் பங்காளி எண்டு எங்களைச் சேர்த்த புரொஜெக்ட், 5க்கு 2 தான் குடுப்பன்

எங்கட மாதர் சங்கம் முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம். போன வருசம் ஒரு பல்கலைக்கழக ஆக்கள் வந்து, மாற்றுத்திறனாளிகள் கிளினிக்குக்குப் போறதில என்ன கஷ்டம் எண்டு ஆய்வு செய்யப்போறம், நீங்கள்தான் சமூகப் பங்காளி எண்டிச்சினம். சண்டையில கால் போனவை எங்கட ஊரில கனபேர், மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸில முதல் படியே அவையளுக்கு ஏறேலாது, அதால மனசார ஓமெண்டனாங்கள்.

நல்லதை முதல் சொல்லுறன். கேள்விக்கொத்தை எங்களோட இருந்து திருத்தினவை. "கிளினிக்குக்கு ஏன் போகேல்லை" எண்டு இருந்ததை "அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்ததோ" எண்டு மாத்தின பிறகுதான் சனம் வாய் திறந்தது. அந்த 2 அதுக்குத்தான்.

காசு விசயம் சரியான மோசம். முற்பணம் இல்லை, செலவழிச்சுப்போட்டு பில் அனுப்புங்கோ எண்டிச்சினம். ஓட்டோக்காரத் தம்பியிட்ட ஏது பில் புத்தகம்? கொப்பி ஒற்றையில எழுதி, அவரிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பினா சீல் இல்லை எண்டு திரும்பி வந்திட்டுது, பிறகு திருப்பி அனுப்பி காசு கைக்கு வர நாலு மாசம், அதுக்கிடையில எங்கட பொருளாளர் அக்கா தோட்டை அடகு வைச்செல்லோ ஓட்டோக்குக் குடுத்தவ. அந்த வட்டியை எந்தப் பில்லில போடுறது? அவையின்ர உதவியாளருக்கு மாசச் சம்பளம், வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போன எங்களுக்கு பணிசும் பிளேன்டீயும்.

கேட்டா, சமூக ஆக்களுக்குக் காசு குடுக்கிற வழக்கம் இல்லையாம். அது பிழை. இங்கிலாந்தில என்.ஐ.எச்.ஆர். எண்ட சுகாதார ஆய்வு நிதி அமைப்பு, ஆய்வில பங்கெடுக்கிற பொதுமக்களுக்கு மணித்தியாலத்துக்கு 25 பவுண்ஸ் எண்டு வழிகாட்டலிலயே போட்டிருக்கு. அமெரிக்க மத்திய அரச நிதியில, நிர்வாகச் செலவுக்கெண்டு அரசோட தனி வீதம் பேசி வைக்காத சின்ன அமைப்பும் கரண்ட், போன், கணக்கெழுதுற வேலை மாதிரிச் செலவுக்கு, திட்டத்தின்ர நேரடிச் செலவில 15 வீதம் வரை சேர்த்துக் கேக்கலாம், 2024 ஒக்டோபருக்கு முதல் அது 10. எங்கட ஒப்பந்தத்தில அப்பிடி ஒரு வரியே இல்லை, பட்ஜெட்டை எங்களுக்குக் காட்டினதும் இல்லை.

மற்றச் சங்கங்களுக்குச் சொல்லுறன், கையெழுத்து வைக்க முதல் முற்பணம் எவ்வளவு, பில் இல்லாத செலவை எப்பிடி எழுதுறது, உங்கட ஆக்களின்ர நாள் கூலி என்ன எண்டு எழுத்தில வாங்குங்கோ. போன கிழமை எங்களுக்குத் திரும்பவும் கோல் எடுத்தவை, ரெண்டாம் கட்டம் தொடங்கப் போகினமாம். பட்ஜெட் தாளைக் கொண்டு வாங்கோ, அதை வைச்சுக் கதைப்பம் எண்டு சொல்லியிருக்கிறம்.