கர்ப்பப் பரிசோதனைக் கிட்: ஸ்ட்ரிப், கார்டு, பேனா, டிஜிட்டல் – எது சரி?

நாள் தள்ளிப்போனதும் உடம்பில் தெரியும் ஒவ்வொன்றையும் கணக்கெடுக்கத் தொடங்கிவிடுவோம். மார்பு கனத்து வலிக்கிறது, அசதியாக இருக்கிறது, வயிறு உப்பிக்கொள்கிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மாதவிடாய் வருவதற்கு முந்தைய வாரத்திலும் வரும். கருமுட்டை வெளியான பின் ஏறும் புரொஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன்தான் முக்கியக் காரணம். கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் முதலில் அது ஏறத்தான் செய்யும். மசக்கைக் குமட்டல் பெரும்பாலானவர்களுக்குக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறாவது வார வாக்கில்தான் வருகிறது. அதாவது நாள் தள்ளி இரண்டு வாரம் கழித்து. அதற்கு முன்பே விடை வேண்டுமென்றால் கிட்தான் வழி.

கடையில் கிடைப்பவை நான்கு வகை. நான்கின் உள்ளேயும் இருப்பது ஒரே நுட்பம்: சிறுநீரில் கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி ஹார்மோன் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் நிறத்துகள்கள், அவை வந்து ஒட்டிக்கொள்ளும் கோடு. அதனால் எந்த வகை என்பதைவிட எந்த நாளில் சோதிக்கிறோம், எத்தனையாவது நிமிடத்தில் பார்க்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் நாள். கருமுட்டை வெளியான பின் பெரும்பாலும் 8 முதல் 10 நாட்களில் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. சிலருக்கு 12 நாள்கூட ஆகலாம். பதிந்த பிறகே எச்.சி.ஜி ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் வருகிறது. தொடக்க வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சாதாரணக் கிட்டுகள் ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி யூனிட் இருந்தால் காட்டும். ‘முன்கூட்டியே அறியலாம்’ என்று விற்கப்படும் சில கிட்டுகள் 10 மில்லி யூனிட்டையே காட்டும். இந்த எண் பெட்டியின் பக்கவாட்டிலோ உள்ளே இருக்கும் தாளிலோ இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான். முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடும் ‘99 சதவீதம்’ பொதுவாக மாதவிடாய் வரவேண்டிய நாள் முதல்தான் பொருந்தும். ஐந்தாறு நாள் முன்னரே சோதித்தால் ‘இல்லை’ என்று வருவது கிட்டின் குறையல்ல, ஹார்மோன் இன்னும் ஏறவில்லை என்பதுதான். மாதவிடாய் தேதி ஒழுங்காக இல்லாதவர்கள், பாதுகாப்பில்லாத உறவு நடந்த கடைசி நாளிலிருந்து 21 நாள் கழித்துச் சோதிக்கலாம்.

இனி வகைகள்.

ஸ்ட்ரிப்: மெல்லிய காகிதப் பட்டை. சுத்தமான, சோப்பு ஒட்டாத கிண்ணத்தில் சிறுநீர் பிடித்து, அம்புக்குறி கீழே இருக்குமாறு 5 முதல் 10 விநாடி நனைத்து, ஈரம் உறிஞ்சாத பரப்பில் படுக்கவைக்க வேண்டும். பட்டையிலுள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் நனையக் கூடாது. நனைந்தால் சிறுநீர் நிறத்துகள்களைத் தாண்டி நேரே கோடு தெரியும் சவ்வில் ஏறிவிடும். கோடு திட்டுத்திட்டாக வரும், அல்லது வரவே வராது. இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் இது ஒன்றுதான். பட்டை குறுகலாக இருப்பதால் மெல்லிய கோட்டைப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். நான்கு நாளில் மூன்று முறை சோதிக்க நினைப்பவர்களுக்கு இது போதும்.

கார்டு: அதே ஸ்ட்ரிப்பை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சொட்டு விட ஒரு குழி, கூடவே ஒரு டிராப்பர். டிராப்பரை நிமிர்த்திப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் பொதுவாக மூன்று சொட்டு. சில கிட்டுகளில் எண்ணிக்கை வேறு, தாளைப் பாருங்கள். சொட்டு குறைந்தால் நிறம் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதிகமானால் குழி வழிந்து பின்னணி முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். அளவு நம் கையில் இருக்கிறது, எல்லை தாண்டி நனைக்கும் ஆபத்து இல்லை, கோடும் அகலம். முதன்முறை சோதிப்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

பேனா வடிவம்: முனையைச் சிறுநீர்த் தாரையில் நேரே சுமார் 5 விநாடி காட்ட வேண்டும். கிண்ணம் தேவையில்லை என்பதே இதன் கவர்ச்சி. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. தாரை சரியாகப் படாமல் முனை பாதி நனைவதும், நனைத்த பின் முனையை மேல்நோக்கித் தூக்கிப் பிடிப்பதும் சோதனையைக் கெடுக்கும். முனை கீழ்நோக்கியே இருக்கட்டும். பிறகு மூடியைப் போட்டுச் சமதளத்தில் வையுங்கள். கிண்ணத்தில் பிடித்து முனையை நனைப்பதே மேல். எத்தனை விநாடி என்பது தாளில் இருக்கும். நீலக் கோடு காட்டும் வகைகளில் மெல்லிய கோட்டையும் வெறும் சுவட்டையும் பிரித்தறிவது சிரமம். இளஞ்சிவப்புக் கோடு காட்டுவதை எடுங்கள்.

டிஜிட்டல்: உள்ளே இருப்பது ஸ்ட்ரிப்தான், கோட்டைக் கண்ணுக்குப் பதில் ஒளி உணரி படிக்கிறது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுத்தில் வந்துவிடும் என்பதால் கோடு இருக்கிறதா இல்லையா என்று தவிக்க வேண்டாம். ஆனால் ஸ்ட்ரிப்பில் மெல்லிய கோடு தெரியும் அதே காலையில் இது ‘இல்லை’ எனக் காட்டக்கூடும், அதற்கு இன்னும் அழுத்தமான கோடு வேண்டியிருக்கலாம். உடைத்து உள்ளே பார்க்காதீர்கள். ‘இல்லை’ என்று காட்டியதிலும் உள்ளே கோடுகள் தெரியலாம், வீண் குழப்பம். வாரக் கணக்குக் காட்டும் மாடல்கள் கரு உருவானதிலிருந்து எண்ணுகின்றன. மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார். இரண்டுக்கும் சுமார் இரண்டு வாரம் வித்தியாசம் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

எந்த வகையானாலும் நாள் தள்ளிய முதல் சில நாட்களில் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரே வேண்டும். இரவெல்லாம் தேங்கியதால் ஹார்மோன் அதில் செறிவாக இருக்கும். முந்தைய இரவு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் அந்தச் செறிவு போய்விடும். நாள் தள்ளி ஒரு வாரம் ஆகிவிட்டால் எந்த வேளையிலும் சோதிக்கலாம், முந்தைய மூன்று நான்கு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் நல்லது. அலுமினிய உறையைச் சோதிக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும், ஈரக் காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெடும். குளியலறை அலமாரி கிட் வைக்கும் இடமே அல்ல. காலாவதி தேதியையும் பாருங்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளை 5 நிமிடத்தில் படிக்கலாம். 10 நிமிடத்துக்குப் பிறகு தெரிவது செல்லாது. குப்பையில் போட்ட கிட்டை மாலையில் எடுத்துப் பார்த்து இரண்டாவது கோடு கண்டு நம்புவதும் நொறுங்குவதும் அடிக்கடி நடக்கிறது. அது சிறுநீர் காய்ந்ததால் வரும் தடம்: சாம்பல் நிறம், நூல் போன்ற மெலிவு, நிறமே இல்லாத பள்ளம் போல இருக்கும். உண்மையான கோட்டுக்கு நிறம் உண்டு, கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ கோட்டின் அகலமும் இருக்கும். நேரத்துக்குள் நிறத்தோடு வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ‘ஆம்’ என்றே கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி சோதித்தால் பெரும்பாலும் அது அழுத்தமாகும். ‘சி’ கோடு வராவிட்டால் கர்ப்பத்தைக் காட்டும் ‘டி’ கோடு வந்திருந்தாலும் அந்தக் கிட் கணக்கில் வராது.

மங்கலாகத் தெரிந்த கோடு சில நாளில் மறைந்து மாதவிடாய் வந்தால், கரு பதிந்து மிகத் தொடக்கத்திலேயே கலைந்திருக்கலாம். கிட் பொய் சொன்னது என்று பொருளல்ல. நீங்கள் எதையோ செய்ததால் நடந்தது என்றும் பொருளல்ல. குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி ஊசி போட்டவர்கள் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் கிட் காட்டுவது அந்த ஊசி மருந்தைத்தான். கருச்சிதைவுக்குப் பின்னும் சில வாரம் வரை கோடு வரக்கூடும். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை எதுவும் முடிவை மாற்றாது.

‘இல்லை’ என்று வந்து மாதவிடாயும் வராவிட்டால் மூன்று நாளிலும், பிறகு ஒரு வாரத்திலும் மறுபடி சோதியுங்கள். அப்போதும் தெளியவில்லையா, ரத்தத்தில் எச்.சி.ஜி அளவு பார்க்கலாம். சிறுநீர்க் கிட் காணாத அளவையும் அது காணும். கர்ப்பம் சில வாரம் முதிர்ந்த பின் ஹார்மோன் மிக அதிகமாகி, அபூர்வமாகக் கோடு மங்குவதும் உண்டு.

கிட்டால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: கரு எங்கே தங்கியிருக்கிறது என்பது. கருக்குழாயில் தங்கினாலும் அதே இரண்டு கோடுதான் வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள் நுனியில் வலி, தலைசுற்றல் அல்லது மயக்கம், ரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலும் இன்னொரு கிட்டைப் பிரிக்க வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சொல்லுங்கள்.