தஞ்சாவூரைப் படித்த இருவர்: பெத்தெய் வழியா, கேத்லீன் கஃப் வழியா?

தஞ்சாவூர் கிராமங்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிற சமூகவியல் மாணவர்கள் யாரை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் ஆந்த்ரே பெத்தெய் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் பெயர் அடுத்த மூச்சில்தான் வரும், சில சமயம் அதுவும் வராது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

பெத்தெய் 1934இல் வங்காளத்தின் சந்தன்நகரில் பிறந்தவர், அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி. 1959இல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.என்.சீனிவாஸ் சமூகவியல் துறையைத் தொடங்கியபோதே உள்ளே போனவர், 1999இல் ஓய்வு பெறும்வரை அதே துறைதான். பிறகு பத்மபூஷண், அரசு ஆணையங்கள், பத்திரிகைக் கட்டுரைகள் என்று ஊரறிந்த அறிஞர் ஆனார்.

கஃபின் பாதை கரடுமுரடானது. 1925இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, மலபாரில் நாயர்களின் தாய்வழிக் குடும்பங்களைப் பற்றிக் கள ஆய்வு செய்துவிட்டு 1951இல் தஞ்சாவூருக்கு வந்தார். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, 1962இல், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் வந்த நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து மாணவர் கூட்டத்தில் கியூபாவை ஆதரித்துப் பேசினார். நிர்வாகத்தோடு மோதல், பிறகு ராஜினாமா. அடுத்து ஓரிகன் பல்கலைக்கழகம், 1967இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம். அங்கே துறை நிர்வாகத்தில் மாணவருக்கும் பங்கு வேண்டும் என்ற தகராறு முற்றி 1969இல் வேலைநிறுத்தம் வரை போனது, இடைநீக்கம் செய்யப்பட்ட எட்டு ஆசிரியர்களில் இவரும் ஒருவர். அதற்குப் பிறகு 1990இல் இறக்கும்வரை நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கௌரவ ஆய்வாளர், அவ்வளவுதான்.

சரி, ஊருக்கு வருவோம். பெத்தெய் 1961-62இல் தங்கிய கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய Caste, Class and Power நூலின் வாதம் தெளிவானது. பழைய காலத்தில் சாதியில் மேலே இருந்தவர்களிடமே நிலமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. இப்போது மூன்றும் தனித்தனியாகப் பிரிகின்றன, அக்கிரகாரத்தில் நிலம் இருக்கலாம், ஆனால் பஞ்சாயத்தும் கட்சியும் பிராமணரல்லாதார் கைக்குப் போய்விட்டன. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரிடமிருந்து எடுத்த இந்தச் சட்டகம் இன்றைக்கும் எந்த ஊருக்கும் பொருத்திப் பார்க்கக்கூடிய கருவி. எழுத்தும் சுத்தமாக இருக்கும், ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்காது. ஆய்வுக்குப் புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அவர் எங்கே தங்கினார் என்று பாருங்கள். அக்கிரகாரத்தில், பிராமணர் வீட்டில். அதனால் ஊர் அவரைப் பிராமணர் போலவே நடத்தியது, சேரிக்குப் போய் இயல்பாக உட்கார்ந்து பேசுவது சிரமமானது. இதை அவரே பின்னால் ஒரு கட்டுரையில் மனம் திறந்து எழுதியிருக்கிறார், அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. என்றாலும் புத்தகத்தில் அக்கிரகாரம் நெருக்கத்தில் தெரிகிற அளவுக்குச் சேரி தெரிவதில்லை.

கஃபும் கும்பப்பேட்டை என்று அவர் பெயரிட்ட பிராமண மிராசு கிராமத்தைத்தான் முதலில் எடுத்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. நாகப்பட்டினம் பக்கம் கிரிப்பூர் என்ற இன்னொரு ஊரையும் எடுத்துக்கொண்டார். கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக இருந்த பகுதி அது. அப்புறம் 1976இல், கையில் நிரந்தர வேலை இல்லாத நிலையில், அதே இரண்டு ஊர்களுக்கும் திரும்பி வந்தார். இடையில் பசுமைப் புரட்சி நடந்து முடிந்திருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டிருந்தார்கள். கும்பப்பேட்டை பிராமணர்களில் பலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போயிருந்தார்கள். விளைச்சல் கூடியதே, கூலிக்காரர் வீட்டுச் சோற்றுப் பானை நிறைந்ததா? இதுதான் அவர் கேள்வி. பெரிதாக நிறையவில்லை என்று 1989இல் வந்த அவருடைய Rural Change in Southeast India நூல் சொல்கிறது.

பெத்தெய் ஸ்ரீபுரத்தைப் பற்றி இப்படி ஒரு இரண்டாம் நூல் எழுதவில்லை. அவருடைய ஆர்வம் வேளாண் அமைப்பு, சமத்துவமின்மை, பிற்படுத்தப்பட்டோர், பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் என்று விரிந்துகொண்டே போனது. 2006இல் இடஒதுக்கீட்டு விரிவாக்கத்தை எதிர்த்து மத்திய அரசின் தேசிய அறிவுசார் ஆணையத்திலிருந்து விலகியதும் இந்தப் பயணத்தின் தொடர்ச்சிதான். அந்த நிலைப்பாடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சந்தர்ப்பத்துக்காக எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கஃபைப் படிப்பது லேசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1981இல் வந்த முந்தைய நூலான Rural Society in Southeast Indiaவில், சோழர் காலத்துக்கு 'ஆசிய உற்பத்தி முறை' (நிலமும் உபரியும் அரசின் பிடியில் இருந்த சமூகங்களுக்கு மார்க்ஸ் வைத்த பெயர்) பொருந்துமா என்று பக்கம் பக்கமாகப் போவார், மார்க்சிய விவாதங்களில் பழக்கமில்லாதவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். மூடாதீர்கள், அந்த அத்தியாயங்களைத் தாண்டி நேராக ஊருக்குள் போங்கள்.

டெல்டாவில் குத்தகை, கூலி, நில விற்பனை என்று எதை எடுத்து ஆய்வு செய்தாலும் என் சிபாரிசு கஃப் பக்கம்தான். சட்டகத்தைப் பெத்தெய்யிடம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இருபத்தைந்து வருட இடைவெளியில் ஒரே ஊரை இரண்டு முறை பார்த்த கணக்கு கஃபிடம் மட்டும்தான் இருக்கிறது. சாதியும் அரசியலும்தான் உங்கள் தலைப்பு என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், பெத்தெய்யில் தொடங்கி, சேரி பற்றிய பகுதிகளுக்கு வரும்போது கஃபைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.