அரசு ஆஸ்பத்திரியில் "சீக்கிரம் ஸ்கேன் தேதி வாங்கித் தர்றோம்" என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்

14,500 ரூபாய். அந்தப் பணம் திரும்ப வராது என்பது நேற்று சாயங்காலம் உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏமாற்றியது ஒரு 'நோயாளி வழிகாட்டி' சேவை. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஆள் நிறுத்தி, போனில் ஆப் காட்டி, உள்ளே வேலை முடித்துத் தருவதாகச் சொல்லும் கூட்டம். பெயர் போடவில்லை. இன்றைக்கு ஒரு பெயரை எழுதினால் நாளைக்கு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். இவர்களிடம் சிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. வலது கால் மரத்துப்போய், நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத நிலைமை. விடிவதற்கு முன்பே ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்றோம். டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், பாதத்தில் ஊசி முனையை வைத்துப் பார்த்தார், எம்ஆர்ஐ எழுதினார். ஸ்கேன் பிரிவில் கொடுத்த தேதி அடுத்த மாதக் கடைசி. "வார்டு கேஸும் ஆக்சிடென்ட் கேஸுமே முடிய மாட்டேங்குதுங்க, நாங்க என்ன பண்றது?" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகாத முகம் அது.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓபி, வார்டு, ஆபரேஷன் தியேட்டர் மூன்றையும் அதே டாக்டர்கள்தான் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்தான் கொடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை தடவை போராட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்பது செய்தி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் ஆள் போடாத இடத்தில்தான் புரோக்கர் வந்து நிற்கிறான். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஸ்கேன் பிளாக்கிலிருந்து வாசல் வரை அம்மாவால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலி கேட்டோம். "எம்என்ஓ வார்டுக்குப் போயிருக்காரு, வரட்டும்" என்றார்கள். நாற்காலி தள்ளும் ஆண் உதவியாளரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவர் வரவேயில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஒருவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். முப்பது வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. "வாங்கம்மா, மெதுவா உக்காருங்க" என்று சொல்லி, குனிந்து, மரத்துப்போன காலைத் தன் கையாலேயே தூக்கிக் கால்பலகையில் வைத்தான். "நல்லா இருப்பா" என்றார் அம்மா. காலையிலிருந்து எங்களிடம் நின்று பேசிய ஒரே ஆள் அவன்தான். எந்தக் கிழமை எந்த யூனிட் ஓபி, எந்த அறையில் எந்த டாக்டர், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். வழியில் செக்யூரிட்டி அவனுக்கு வணக்கம் வேறு வைத்தார். ஆஸ்பத்திரி ஊழியர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

வாசலுக்கு வந்ததும் பேச்சை எடுத்தான். "அக்கா, அடுத்த மாசம் வரைக்கும் அம்மா தாங்குவாங்களா? நாளைக்கே ஸ்கேன் எடுத்துடலாம். சிஎம் காப்பீட்டு அப்ரூவலும் நாங்களே வாங்கிடுவோம். இந்த மாசமே ஆபரேஷன். எல்லாம் சேர்த்து 14,500 தான்." ஆப்பில் அம்மா பெயரைப் போட்டு, 'ஸ்லாட் உறுதி' என்று பச்சை எழுத்தில் காட்டினான். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வேறொருவர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "எங்க அக்கவுண்டன்ட்தான்க்கா" என்றான். சீல் குத்தி ரசீதும் கொடுத்தான்.

மறுநாள் ஸ்கேன் பிரிவுப் பட்டியலில் அம்மா பெயரே இல்லை. மதியம் வரை அந்த இரும்பு பெஞ்சில் அம்மாவைப் படுக்கவைத்துக்கொண்டு போன் அடித்தேன். சர்வர் பிரச்சினை என்றான். அப்புறம் டெக்னீஷியன் லீவு என்றான். அப்புறம், "உங்க ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு, அங்கேருந்து ஓகே வரணும்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "ரசீதுக்குப் பின்னாடி படிச்சுப் பாருங்க, சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாதுன்னு போட்டிருக்கு." அவர்கள் அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அங்கிருந்த பெண், "அவரு இப்ப எங்ககிட்ட வேலை பாக்கலைங்க" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மறுபடி போனில் கூப்பிட்டால் எண் பிளாக்.

ஆஸ்பத்திரியில் முறையிட்டால், "அவன் எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா, நாங்க என்ன செய்ய முடியும்?" வளாகத்துக்குள் தினமும் நடமாடுகிறவன், உங்கள் நாற்காலியைத் தள்ளுகிறவன், உங்கள் செக்யூரிட்டியிடம் வணக்கம் வாங்குகிறவன்! புறக்காவல் நிலையத்தில், "போன்ல பணம் அனுப்பினீங்கன்னா அது சைபர் கிரைம்." சைபர் கிரைமில், "நீங்களே சம்மதிச்சுக் கட்டின சேவைக் கட்டணம் ஆச்சே?"

இதையெல்லாம்விட வயிறு எரிந்தது காப்பீட்டுத் திட்டப் பிரிவில் விசாரித்தபோதுதான். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "அப்ரூவலுக்கு ஒரு பைசா கிடையாதுங்க. ஸ்கேன் ரிப்போர்ட் வந்து, டாக்டர் அட்மிஷன் எழுதினா நாங்களே ஆன்லைன்ல அனுப்புவோம். வெளியாள் யாரும் அனுப்பவே முடியாது." வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் திட்டம் அது. அரசு ஆஸ்பத்திரி ஸ்கேன் மையத்தில் எம்ஆர்ஐ கட்டணமே 2,500 ரூபாய்தான். இல்லாத ஸ்லாட்டுக்கும், இலவசமான அப்ரூவலுக்கும் 14,500 ரூபாய். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம் அது.

விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், அம்மா கூப்பிடுகிறார், மாத்திரை நேரம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளாகத்துக்குள் அட்டை மாட்டியிருப்பவர் எல்லாம் ஊழியர் இல்லை, அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள். காப்பீடு பற்றி ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் திட்டப் பிரிவில் மட்டும் கேளுங்கள். ஸ்கேன் கட்டணத்தை உள்ளே இருக்கும் கவுண்டரில் மட்டும் கட்டுங்கள். கால் மரத்துப்போவது கூடினால், சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால், தேதிக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு அடியுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

இதே மாதிரி வெள்ளைச் சட்டை, நீல நாடா ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள். தனித்தனியாகப் போனால் விரட்டுகிறார்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் எல்லோரும் சேர்ந்தே மனு கொடுப்போம்.