போலிஸ்: ‘பதிலளி’ பொத்தான் இல்லாத விவாதத் தளம் – மதிப்புரை

2015-ல் தைவானில் வாடகைக் கார் செயலியான ஊபருக்கும் டாக்ஸி தரப்புக்கும் இடையே பிரச்சினை முற்றியபோது, அரசுக் கொள்கைகளைப் பொதுமக்களோடு இணையத்தில் விவாதித்த வி-தைவான் குழுவினர் கையில் எடுத்த தளம் போலிஸ் (Polis). அந்தக் குழுவில் தன்னார்வலராக இருந்த நிரலாளர் ஆட்ரி டாங், 2016-ல் டிஜிட்டல் துறையைக் கவனிக்கும் அமைச்சரானார். போலிஸ் உருவானது அமெரிக்காவின் சியாட்டிலில். திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கருத்து ஒவ்வொன்றும் 140 எழுத்துக்குள் இருக்க வேண்டும். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். பதில் எழுத வழியே கிடையாது. வம்புக்கு வருபவருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரே மாதிரி வாக்களித்தவர்களைக் குழுக்களாகச் சேர்த்து, தளம் ஒரு வரைபடம் போடுகிறது. எல்லாக் குழுக்களும் ஏற்ற கருத்துகள் தனியே மேலெழுந்து வரும். இந்தக் கருவியின் உயிரே அதுதான். ஊபர் விவாதத்தில் டாக்ஸி தரப்பும் ஊபர் தரப்பும் எதிரெதிர் மூலையில் நின்றன. ஆனாலும் பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்றவற்றில் இரண்டும் ஒத்துப்போயின.

நடத்துபவர் கவனிக்க வேண்டியவை பல. தொடக்கத்திலேயே பத்துப் பதினைந்து கருத்துகளை நீங்களே போட்டு வையுங்கள். வெறும் பக்கத்தைப் பார்த்தால் ஆட்கள் திரும்பிவிடுவார்கள். ஒரு கருத்தில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். ‘ஊபர் வரி கட்ட வேண்டும், ஓட்டுநருக்கு உரிமமும் வேண்டும்’ என்று எழுதினால், பாதியை மட்டும் ஏற்பவர் கடந்து போய்விடுவார், வரைபடம் குழம்பும். ஏழு கருத்துகளுக்காவது வாக்களிக்காதவர் பொதுவாகக் குழுக் கணக்கில் வரமாட்டார். அதனால் முதல் சில கருத்துகள் சுருக்கமாகவும் சூடாகவும் இருப்பது நல்லது. தமிழில் நடத்தினால் 140 சீக்கிரமே தீரும்: கணினி புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணும். சீனத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தாமதமாக வரும் கருத்துகளுக்கு வாக்கு குறைவாக விழுவது பெரிய குறை. நல்ல யோசனை கடைசி நாளில் வந்தால், முன்பு வாக்களித்தவர்களைத் திரும்ப அழைத்தே ஆக வேண்டும். உள்நுழைவு கேட்காமல் நடத்தினால், வேறு பிரவுசரில் வந்து ஒருவரே மறுபடி வாக்களிக்க முடியும். ஆகவே இதைத் தேர்தலாகவோ கருத்துக்கணிப்பாகவோ எண்ணவே கூடாது.

வரைபடம் எவ்வளவு தெளிவாக வந்தாலும் அது அரசைக் கட்டுப்படுத்தாது. ஊபர் விஷயம் 2016-ல் விதிமுறையாக மாறியதற்குக் காரணம், அதிகாரிகளும் ஊபரும் டாக்ஸி சங்கங்களும் நேரலையில் ஒரே மேசைக்கு வந்ததுதான். தைவான் அரசின் ‘ஜாயின்’ என்ற மனுத் தளம் இந்த இடத்தில் உறுதியானது: 60 நாளில் 5,000 பேர் ஒப்பமிட்டால் துறை பதில் சொல்லியாக வேண்டும். 2017-ல் வருமான வரி மென்பொருளைப் பற்றி அதில் கடுமையான புகார் வந்தது. டாங்கின் குழு புகார்தாரர்களையே அழைத்து, மென்பொருளை மாற்றியமைப்பதில் சேர்த்துக்கொண்டது.

போலிஸைச் சொந்த சர்வரில் நிறுவ, டாக்கரும் (மென்பொருளை நிறுவி இயக்கும் கருவி) போஸ்ட்கிரெஸும் (தரவுத்தளம்) தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாத அமைப்புகள் போலிஸின் சொந்தத் தளத்திலேயே கணக்குத் தொடங்கலாம்.